தேடினால் அகப்படாத திருகோணமலை

திருகோணமலை

அன்பின் மச்சானுக்கு,

நலம். மாரி மழை தொடங்கிவிட்டது. உப்புவெளிப் பக்கம் கடலும் கலங்கிப்போய்க் கிடக்கிறது.

நீ எழுதிய பைத்தன் (நிரல்மொழி) தேடலில் ‘திருகோணமலை’ என்று தேடினால் சில பதிவுகள் வருகின்றன, சில வரவில்லை, திரையில் எல்லாம் ஒரே மாதிரித்தான் என்று எழுதியிருந்தாய். முதலில் நிரலை மாற்றி மாற்றிப் பார்ப்பதை நிறுத்து. மூன்று இடத்தில் கை வைத்த பிறகு சரிவந்தாலும், எது சரியாக்கியது என்று தெரியாது.

அகப்பட்ட பதிவு ஒன்று, அகப்படாதது ஒன்று எடு. பைத்தனில் ‘லென்’ போட்டு நீளம் பார். எழுத்து ஆறுதான், ஆனால் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிக்கோடில் 10 குறி வரவேண்டும். ஒன்றில் 11 வந்தால் அநேகமாகக் கோளாறு ‘கோ’வில். ‘ஓர்ட்’ போட்டுக் குறிகளை எண்ணாக அச்சிடு. ‘க’ 2965. அதன் பின் 3019 (‘ோ’ முழுதும் ஒரே குறி) மட்டும் வந்தால் சரி. 3015, 3006 என்று இரண்டாக வந்தால் இரட்டைக்கொம்பும் (‘ே’) அரவும் (‘ா’) தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. எழுத்துரு சேர்த்துக் காட்டிவிடும், எண்ணை ஒப்பிடும் தேடல் சேர்க்காது.

பைத்தனின் ‘யூனிக்கோட்டேட்டா’ தொகுதியில் உள்ள ‘நோர்மலைஸ்’, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எப்.சி. வடிவம், இதைத் தீர்க்கும். சேமிக்கும்போதும் செய், தேடும் சொல்லுக்கும் செய். ஒரு பக்கம் மட்டும் செய்தால் இப்போது அகப்படுகிறவையும் சில காணாமல் போகும். பழைய தரவை பேக்கப் எடுத்த பிறகு ஒருமுறை திருத்து. ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது (யூனிக்) என்று கட்டுப்படுத்திய அட்டவணை நெடுவரிசையில் இரண்டு பெயர் ஒன்றாகி மோதி இடையில் நின்றுவிடும்; ஆகவே மோதப்போகிறவற்றை முன்கூட்டியே பட்டியல் எடு.

அரவுக்குப் பதில் ‘ர’ அடித்திருந்தால் (3015, 2992) நீளம் அதே 11தான், என்.எப்.சி.யால் ஒன்றும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத இணைப்பு தடுக்கும் குறி (8204) ஒட்டியிருந்தாலும் அப்படியே. ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’பும் அதைத் தொடாது. இவற்றுக்குத் தனி விதி எழுதத்தான் வேண்டும்.

திருத்த முன் ஒரு டெஸ்ட் எழுதி, அது தோற்பதைப் பார். சொல்லை எடிட்டரில் தட்டாதே, கீபோர்ட் சரியான வடிவத்தையே தந்துவிடும். எண்ணை எழுத்தாக்கும் ‘சிஎச்ஆர்’ கொண்டு எண்களிலிருந்து கட்டு.

எண்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் தரவில் பிழையில்லை. முன்பு வேலை செய்த கொமிட் (கிட்டில் சேமித்த நிரல் மாற்றம்) தெரியுமானால், பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ போடு. 1000 கொமிட் இருந்தாலும் 10 சோதனைக்குள் பிழை வந்த இடம் தெரியும்.

பார்த்துவிட்டு அந்த எண் வரிசைகளை எழுத்தாகவே அனுப்பு. ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், அதில் எழுத்துருவைத்தான் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்