பீரங்கியும் பேரிங்கும்

ஆசிரியருக்கு,

பீரங்கியை வெளிநாட்டில் வாங்குவதா, இங்கேயே செய்வதா என்ற விவாதத்தில் குண்டு சுமந்தவன் பேச்சும் ஒரு ஓரமாக இருக்கட்டும். 1999 கார்கில் போரின்போது திராஸில், ஸ்வீடன் நிறுவனமான போஃபர்ஸின் பீரங்கியை இயக்கும் குழுவில் இருந்தேன். ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். நடந்தாலே மூச்சிரைக்கும் உயரத்தில் அதைத் தூக்கித் தூக்கி, இடது தோள் இன்றும் மழைக்காலத்தில் முனகுகிறது. ஸ்வீடன்காரன் பீரங்கியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் 1986-இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்ட நாம், லஞ்சப் புகார் வெடித்ததும் அந்த நிறுவனத்தை ஒதுக்கிவைத்தோம். தண்டனை யாருக்கு? உதிரிப் பாகம் வராமல் ஒரு பீரங்கியைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டிய எங்களுக்குத்தான். காசு கொடுத்து வாங்கிய பீரங்கி வடிவமைப்பு வரைபடங்களோ அலமாரியில் தூங்கின. அவற்றை அடிப்படையாக வைத்து ஜபல்பூரில் உருவான தனுஷ் பீரங்கி, 2019-இல்தான் படையின் கைக்கு வந்தது.

எனவே உள்நாட்டில் செய்வதே என் கட்சி. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட மாட்டேன். ஜெர்மன் தயாரிப்பு என்று சொல்லி தனுஷுக்குச் சீன பேரிங் தள்ளிவிடப்பட்டதாக 2017-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்ததே! குழல் நம்முடையது, அது சுழலும் பேரிங் யாருடையது?

2025 மார்ச்சில் வண்டியில் மாட்டி இழுத்துச் செல்லும் 307 உள்நாட்டுப் பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. அவற்றின் பேரிங், எஞ்சின், மின்னணுக் கருவிகளில் எவை இறக்குமதி என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீரங்கிப் படை ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்