ஒரு வெள்ளிக்கிழமை இரவைக் குவாவுக்குக் கொடுங்கள்

ரொறன்ரோவில் நம் குடும்பங்களுக்குக் கரீபியன் பயணம் ஏற்பாடு செய்து தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் உங்களில் ஒருவர் மூலமாகக் கப்பலில் போய்வந்தவன் நான். கிரெனடாவில் ஒரு பகல் இறங்கினோம். கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் குளித்தோம், மாலைக்குள் கப்பலேறிவிட்டோம். போன வருடம் அதே தீவுக்கு விமானத்தில் போய்க் குவாவ் என்ற மீன்பிடி ஊரில் நாலு நாள் தங்கினோம். முதல் பயணத்தில் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஊருக்குக் கொய்யாப்பழத்தின் பெயர். பிரெஞ்சில் கோயாவ், நம் கொய்யாவும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். தலைநகர் செயின்ட் ஜோர்ஜஸிலிருந்து மேற்குக் கரையோரமாக வான் வண்டி போகும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இறங்க வேண்டுமென்றால் வானின் தகரத்தில் தட்ட வேண்டும். என் சின்ன மகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஒடுக்கமான இரண்டு தெருக்களில் வரிசையாக அடுப்புகள் மூளும். ‘ஃபிஷ் ஃப்ரைடே’ என்கிறார்கள். சுட்ட சூரை, சிங்கி இறால், சங்குச் சதை, மீன் வடை என்று தெரு முழுக்க மணம். நாங்கள் நின்ற அடுப்பில் ஒரு அம்மா வெள்ளித்தாளைப் பிரித்து, மீனின் முதுகை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். இன்னும் வேகவில்லையாம். மறுபடி மூடித் தணலில் வைத்துவிட்டார். பசியோடு நின்ற எங்களுக்காக அவர் அவசரப்படவில்லை. என் அம்மாவும் மீனை அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்.

ஈரப்பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் மஞ்சளும் கீரையும் உப்பிட்ட இறைச்சியும் போட்டு, பால் வற்றி எண்ணெய் அடியில் தங்கும்வரை அவிய விடுவார்கள். ‘ஆயில் டவுன்’ என்பது பெயர், அந்த நாட்டின் தேசிய உணவு. நம் வீட்டுப் பெரியவர்கள் வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கவலைப்படுவார்கள் இல்லையா? இதை ஒருமுறை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

பகலில் சாதிக்காய்க் கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். காய்களைத் தண்ணீரில் போட்டு, மூழ்குவதையும் மிதப்பதையும் தரம் பிரிக்கிறார்கள். கிரெனடாவின் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி அந்த மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்க ஆறேழு வருடமாவது ஆகும். இதைத் தெரிந்துகொண்டு அந்த மூட்டைகளுக்கு நடுவே நின்றால் அதன் வாசனையே வேறு மாதிரி இருக்கும்.

முடிந்தால் ஜூன் 29 ஐயும் பாருங்கள். இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்) திருநாள். அங்கே அதை மீனவர் பிறந்தநாள் என்றே சொல்கிறார்கள். படகையும் வலையையும் மந்திரித்து, பிறகு படகோட்டப் போட்டி. நம் கரையோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. பெரிய பேருந்தில் நூறு பேரைக் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள், அந்தத் தெரு தாங்காது. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். சாப்பாட்டைக் கட்டணத்தில் சேர்க்காமல் விடுங்கள். அவரவர் அடுப்படியில் நின்று காசு கொடுத்து வாங்கட்டும். தங்குவதும் அந்த ஊரிலேயே, சின்ன விடுதிகளில். கடற்கரையில் வெள்ளை மணல் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது படகுகள் ஏறும் கரை.

ரொறன்ரோவிலிருந்து கிரெனடாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அடுத்த திட்டம் போடும்போது வெள்ளி இரவு குவாவில் இருக்கும்படி போட்டீர்களானால், எங்கள் வீட்டில் ஐந்து பேர். முதலில் எங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளன்