சின்னவளை ஓடவிடுங்கள் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதின கடிதம் ரொறன்ரோவுக்கு வந்த பெரியமாமியின் மகனிடம் கிடந்து, அவர் தபாலில் போட்டு, நேற்றுத்தான் கைக்கு வந்தது. நாலு மாதமாக ஒரு வரிகூட இல்லையே என்று ஒரே ஒரு வசனத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வசனம் எனக்கு நித்திரை வரவிடவில்லை.

போனில் கதைக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் அத்தான், மூத்தவள், பக்கத்து வளவுப் பெரியம்மா என்று எல்லாரும் சுற்றி நிற்பீர்கள், நான் சொல்ல வருவது உங்களுக்கு மட்டும். நேரமும் தோதாக வராது. உங்களுக்குக் காலை ஏழரை என்றால் எனக்கு முதல்நாள் இரவு எட்டு, நான் வேலையில் நிற்கிற நேரம். கனடாவில் அனேகமான இடங்களில் வருடத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவார்கள், நாங்கள் இருக்கிற இந்தச் சஸ்காச்சுவான் மாகாணத்தில் மாற்றுவதில்லை, அதனால் பதினொன்றரை மணித்தியாலம் எப்போதும் அப்படியே எங்களுக்கு நடுவில் கிடக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம். நான் மகளுடைய பள்ளிக்கூடத்திலேயே பின்னேர வேலை செய்கிறேன், கூட்டுவது, நிலம் துடைப்பது, கதவு பூட்டுவது. நல்ல மனிதர்கள். சனி ஞாயிறில் பெற்றோல் நிலையத்திலும் நிற்கிறேன், வீட்டில் சும்மா இருந்து என்ன செய்வது. மனைவிக்கு வயோதிபர் இல்லத்தில் இரவு வேலை. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது கிழமைக்கு ஒரு நேரம்தான், அதற்காக யோசிக்காதீர்கள்.

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தை மாதத்தில் சைபருக்குக் கீழே 30 போகும், இரவில் காரின் எஞ்சினுக்குக் கரண்ட் வயர் குத்தி வைத்தால்தான் விடியச் ஸ்டார்ட் வரும். இப்போது கார்த்திகைக் கடைசி, வயலெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. அறுவடை முடிந்த கோதுமை வயல், வரம்பே இல்லாத வயல். மட்டக்களப்பில் நம்மட படுவான்கரையில் இப்போது பயிர் பச்சையாக நிற்கும், மழைக்குத் தவளை கத்தும் என்று நினைத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

சரி, மகளின் விளையாட்டைப் பற்றி எழுதவேண்டும், அதற்குத்தான் பேனையை எடுத்தேன்.

இது சின்ன ஊர், அக்கா. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரையும் எண்ணினாலும் அறுபது பிள்ளைகள் தேறாது. புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்கின முதல் கிழமையே கணித ரீச்சர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினா. மகள் ஏதும் பிழை செய்துவிட்டாளோ என்று பயந்துபோனேன். அவதான் கரப்பந்து அணிக்கும் பயிற்சி கொடுக்கிறவ. "உங்கள் மகள் உயரம், ஆறு பேர் வேண்டும், எங்களிடம் ஏழு பேர்தான் இருக்கிறார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் முடிந்தோம், அவளைத் தாருங்கள்" என்று கேட்டா. ஒரு ஆசிரியை வீடு தேடி வந்து என் பிள்ளையை விளையாடக் கேட்கிறா. அவள் பந்தைத் தொட்டதே இல்லை என்றேன். அது பரவாயில்லையாம்.

இங்கே அப்படித்தான். ஆட்கள் குறைவு என்றபடியால் விடுபடுகிற பிள்ளையே இல்லை. கட்டையான பிள்ளை, குண்டான பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கிறது. ஒரே பிள்ளைதான் இலையுதிர் காலத்தில் கரப்பந்து, பனிக்காலத்தில் கூடைப்பந்து, மறுகா பட்மின்டன், ஆனியில் ஓட்டமும் பாய்ச்சலும். ஆண்பிள்ளைகள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி விழுத்துகிற ஆட்டம் ஒன்று ஆடுகிறார்கள். கனடா முறைப்படி பக்கத்துக்கு 12 பேர் வேண்டும், இந்த ஊரில் 12 பேரை எங்கே பிடிப்பது, அதனால் ஆறு பேரோடு ஆடுகிறார்கள். 1934இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பஞ்ச காலத்தில், சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு ஆள் சேரவில்லை என்று ஸ்டீவன் எப்ளர் என்ற ஆசிரியர் யோசித்து உண்டாக்கினதுதான் அந்த ஆறு பேர் ஆட்டம். பிள்ளைகளுக்காக விதியையே மாற்றியிருக்கிறார், பாருங்கள். பிள்ளைகளின் தொகையைப் பார்த்துத்தான் பிரிவும் பிரிக்கிறார்கள், எங்களிடம் போல வயதை மட்டும் பார்ப்பதில்லை. அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடம் ஆயிரம் பேர் படிக்கிற பள்ளிக்கூடத்தோடு மோதி அழுதுகொண்டு வரவேண்டியதில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக் கிழவர். அவரைப் பற்றி முன்னமும் எழுதினேன், நாய் இல்லாமல் நாய்ச் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர், நாய் செத்து இரண்டு வருடமாம். அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆனால் ஒரு ஆட்டம் விடமாட்டார். முதல் வரிசையில் இடது பக்க மூலை, ஒரு பழைய மெத்தைத் துண்டு, ஒரு கொப்பி. ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் எழுதுவார். வீட்டில் ஒரு அலுமாரி நிறைய அந்தக் கொப்பிகள்தான். பிள்ளைகளை அவர்களுடைய தாத்தாமாரின் பெயரில்தான் கூப்பிடுவார். என் மகளுக்கு இங்கே தாத்தா இல்லையே, ஒரு நாள் என்னிடம் அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் அவள் சேர்வ் போட வந்தபோது எழும்பி நின்று எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார், அக்கா. உச்சரிப்பு சரியில்லை. ஆனாலும் அந்த மண்டபத்தில் அப்பாவின் பெயர் கேட்டது. நான் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். போன மாசியில் அவர் ஐஸில் ஓட்டை போட்டுப் பிடித்த மீனைக் கொண்டுவந்து தந்தார், தகரத்தில் வருகிற தேங்காய்ப் பாலும் பழப்புளியும் விட்டு ஆணம் வைத்தோம். வாவி மீனின் ருசி இல்லை.

கரப்பந்து இப்போது நாங்கள் ஆடினது போல இல்லை. எங்கள் காலத்தில் சேர்வ் நம் கையில் இருந்தால்தான் புள்ளி, 15க்கு ஆட்டம், ஒரு செட் பின்னேரம் முழுக்க இழுபடும். இப்போது ஒவ்வொரு பந்துக்கும் யாருக்கோ ஒரு புள்ளி, 25க்கு ஆட்டம். மகள் தொடக்கத்தில் போட்ட சேர்வ் எல்லாம் நெற்றிலேயே போய் விழுந்தது. ஒன்றரை மணித்தியாலம் மஞ்சள் பஸ்ஸில் போய்த் தோற்று, பனியில் திரும்பி, பத்தரைக்கு வருவார்கள். நான் மண்டபத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐப்பசி வந்ததும் கை பழகிவிட்டது. ஒரு ஆட்டத்தில் தொடர்ந்து ஏழு சேர்வ், ஒன்றும் திரும்பி வரவில்லை. போன கிழமை கடைசி ஆட்டம், மூன்றாவது செட் 15க்கு, 13இல் தோற்றார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நிலத்தில் இருந்து அழுதார்கள், அவர்களுக்கு இனி இல்லைத்தானே. ஊரே எழும்பி நின்று கைதட்டினது, தோற்ற பிள்ளைகளுக்கு.

இனிக் கூடைப்பந்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் நமது வெபர் மைதானம் ஞாபகம் வரும். அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கின வெபர் அடிகளாருக்கு முதல் வருட வெயில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அந்தக் கடைசிக் கரப்பந்து ஆட்டத்து இரவு எல்லாரும் போன பிறகு விளையாட்டுச் சாமான் அறையை ஒதுக்கினேன். ஒரு பெட்டிக்குள் அஞ்சல் ஓட்டத் தடிகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்ததுதான், நீங்கள் பூவரசங்கம்பில் வெட்டிச் சீவி வைத்திருந்த தடி வந்துவிட்டது. வளவுக்குள் நான் வேலியடியில் நின்று கை நீட்ட, நீங்கள் கிணற்றடியிலிருந்து ஓடி வந்து தருவீர்கள். பள்ளிக்கூட இல்லப் போட்டியில் சுண்ணாம்புக் கோடு, ஒலிபெருக்கி, வெறுங்காலோடு நீங்கள். இளங்கோ இல்லத்துக்கு அந்த வருடம் கிண்ணம் வந்தது உங்களாலே. பிறகு வலயப் போட்டிக்குத் தெரிவானபோது அப்பா விடவில்லை. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகில் ஏறவேண்டும், அந்தப் பக்கம் சோதனைச் சாவடி, குமர்ப்பிள்ளையை எப்படி அனுப்புவது என்றார். அந்தக் காலம் அப்படி. அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன், நீங்களும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் அந்தத் தடியை அடுப்பில் வைத்ததை நான் பார்த்தேன். இதுவரைக்கும் சொன்னதில்லை. அந்த அறையில் நேரம் தெரியாமல் இருந்துவிட்டேன்.

அக்கா, இப்போது துறை இல்லை, 2014இல் பாலமே வந்துவிட்டது. சாவடியும் இல்லை. பிறகு ஏன் உங்கள் சின்னவளை மறிக்கிறீர்கள்? மாகாண மட்டம் வரை போய் வந்த பிள்ளை, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை என்றபடியால் ஓட்டத்தை நிறுத்தப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ரியூசன் ஆறு நாளும் இருக்கிறது, காலையில் ஒரு மணித்தியாலம் ஓடினால் என்ன குறைந்துவிடும். இங்கே பிள்ளைகள் இரவில் தகப்பனோடு அறுவடை மெஷினில் நின்றுவிட்டு, மறுநாள் படித்து, பின்னேரம் விளையாடுகிறார்கள். கறுத்துப் போவாள், கலியாணத்துக்குக் கரைச்சல் என்று அத்தான் சொன்னால், தம்பி தாய்மாமன், நான் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். மருமகளின் விசயத்தில் எனக்கும் சொல்ல இடம் இருக்கிறது.

மற்ற விசயங்கள். மூத்தவளின் வீடு கூரையில்லாமல் நிற்பது தெரியும். கிணற்றடிப் பங்கை அவள் பெயருக்கே உறுதி எழுதுங்கள், எனக்கு அதில் ஒன்றும் வேண்டாம், பெண்பிள்ளைக்குத்தான் வளவு. எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அற்றோணி எழுதுவதற்கு என்ன கடதாசி வேண்டும் என்று நொத்தாரிசிடம் கேட்டு அனுப்புங்கள். கூரைக் காசு தை கடைசியில் அனுப்புவேன், இந்த மாதம் காரில் ஒரு வேலை வந்துவிட்டது, அது மட்டும்தான் காரணம். அதற்குள் ஓட்டுக்காரரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். அம்மாவின் கண்ணுக்கு நாள் கொடுத்தார்களா? மருந்து விடும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள், அவ ஒழுங்காக விடமாட்டா. அறுவடைக்கு இந்த முறையும் சின்னமாமாவின் மெஷினையே கேளுங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு மகளின் பெயரில் ஒரு அர்ச்சனை.

சின்னவளுக்கு ஸ்பைக்ஸ் சப்பாத்து இங்கிருந்து அனுப்புகிறேன், அதற்குக் காசு தனியே வைத்திருக்கிறேன். அளவை நம்பரில் சொல்லவேண்டாம், அங்கேயும் இங்கேயும் நம்பர் மாறும். ஒரு கொப்பித் தாளை நிலத்தில் வைத்து, அவளை அதில் ஏற்றி, வலது காலையும் இடது காலையும் பென்சிலால் சுற்றிக் கீறி, அந்தத் தாளை அடுத்த கடிதத்தோடு மடித்து அனுப்புங்கள். பின்னேரத்தில் கீறுங்கள், காலையில் கால் கொஞ்சம் சிறிதாக இருக்கும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி