சத்தமில்லாதது என்று விற்ற துண்டு உலர்த்தி குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், திருநகர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் 1000 வாட் சூடுகாற்றுத் துண்டு உலர்த்தியின் அட்டைப்பெட்டியில் ‘சத்தமில்லாதது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கதவைச் சாத்தினாலும் அடுத்த அறையில் இரைச்சல் கேட்கிறது. பார்க்க வந்த சர்வீஸ் ஆள், “ஹீட்டர்னா அப்படித்தான் சார்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹீட்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை. குளிர்காற்றில் வைத்தாலும் அதே சத்தம்தான். முன்பக்கக் கிரில்லைக் கழற்றினால் ஊளை நிற்கிறது, 80 மி.மீ. ஃபேனின் இறக்கைகளை ஒட்டியே குறுகிய கம்பிகளை வைத்திருப்பதால் வரும் ஊளை அது. சுவரிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தால் உறுமலும் பெருமளவு அடங்குகிறது. ரப்பர் புஷ் இல்லாமல் நேரே டைல்ஸில் முடுக்கச் சொல்கிறீர்கள்; மோட்டாரின் அதிர்வை நாலரை இஞ்சுச் சுவர் அப்படியே படுக்கையறைக்குக் கடத்துகிறது.

120 மி.மீ. ஃபேன் போட்டு, கிரில்லை அகலமாக்கிச் சற்றுத் தள்ளி வைத்தால், பாதி வேகத்திலேயே போதிய காற்று வரும். ஃபேனின் வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 1000 வாட்டும் வீண். துவட்டிய பெரிய துண்டில் 300 கிராம் தண்ணீர் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்க ஏட்டுக்கணக்கில் 0.19 யூனிட் போதும். சேதாரத்தையும் சேர்த்தால் 400 வாட்டில் ஒரு மணி நேர வேலை. ஈரக்காற்று வெளியேற மேலே வழி விட வேண்டும், அவ்வளவுதான். (மதுரை வெயிலில் இது எதற்கு என்று உங்கள் ஆள் கேட்டார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து துண்டை முகர்ந்து பார்க்கட்டும்.)

இன்னொரு குறை ஆபத்தானது. டைமர் முடிந்ததும் ஃபேனும் ஹீட்டரும் ஒன்றாக நிற்கின்றன. ஹீட்டரின் கம்பிச்சுருளில் தங்கிய சூடு போக வழியில்லாமல், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது. அணைக்குமுன் இரண்டு நிமிடம் குளிர்காற்றில் ஓட்ட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ‘தவறான பயன்பாடு’ என்று சொல்லி வாரண்டியை மறுக்கிறீர்கள். சூடேறினால் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் பிடிசி ஹீட்டரும், ஃபேன் மட்டும் பிந்தி நிற்கும் டைமரும் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழாது.

புதிய ஃபியூஸ் போட்டுத் தருவது தீர்வாகாது. 15 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். தவறினால், பில், அட்டைப்பெட்டி, சத்தத்தின் ஒலிப்பதிவு ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்