முதல் பாடவேளை விளையாட்டுக்கு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வெள்ளத்துக்குப் பின் பள்ளி திறந்ததிலிருந்து, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் முதல் பாடவேளையை நம் பழைய விளையாட்டுகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். விடுபட்ட பாடங்கள் இருக்கும்போது இது எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, விளக்கம் தருவது என் கடமை.

சிறு பிள்ளைகளுக்குத் தங்கள் அச்சத்தைச் சொல்லத் தெரிவதில்லை. எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதும், அம்மாவை விட்டு நகர மறுப்பதும், மழைச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வதும், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை கரும்பலகையை வெறித்துப் பார்ப்பதும் அந்த அச்சத்தின் வெளிப்பாடுகளே. உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்திருக்கையில் பாடம் மனத்தில் ஏறாது.

கண்ணாமூச்சியில் ஒளிபவர் கண்டுபிடிக்கப்படுவார் என்பது விதி. பிரிவு அங்கே பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தது, சற்று நேரமே நீடிப்பது, சிரிப்பில் முடிவது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதலில் பாவாடை நுனி வெளியே தெரியும்படிதான் தூணுக்குப் பின்னால் நின்றாள். சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதே அவள் விருப்பம் என்று உணர்ந்த ஆசிரியை, ஒவ்வொரு முறையும் முதலில் அவளையே கண்டுபிடித்தார். இப்போது அவள் படிக்கட்டு வரை போய் ஒளிகிறாள். ஐந்தாங்கல்லில், மேலே எறிந்த கல் இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை அள்ள வேண்டியிருப்பதால், அந்த நொடியில் கண்ணும் கையும் மனமும் ஒன்றுகூடுகின்றன. கபடிப் பாட்டில் மூச்சு நீண்டு வெளியேறுவது படபடப்பைத் தணிக்கிறது. பிடித்து இழுப்பதை மட்டும் விலக்கித் தொடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கண்ணைக் கட்டும் விளையாட்டுகளையும், தோற்றவரை வெளியே உட்காரவைக்கும் வழக்கத்தையும் இப்போதைக்குத் தவிர்த்திருக்கிறோம். சேர விரும்பாத பிள்ளையை வற்புறுத்துவதில்லை. எண்ணிக்கை சொல்லும் வேலையைக் கொடுத்து அருகில் அமர்த்துகிறோம். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. அந்த உரிமை மிகவும் தேவைப்படுவது இத்தகைய காலத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலும் நாள்தோறும் சிறிது நேரம், முடிந்தால் ஒரே நேரத்தில், அவர்களோடு விளையாடுங்கள். மண்வீடு கட்டித் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பிள்ளை 'வெள்ளம்' விளையாடினால் அதட்டாதீர்கள். நடந்ததை அவர்கள் புரிந்துகொள்ளும் வழி அது. ஆனால் அதே ஆட்டம் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் பிள்ளையை மேலும் கலக்கமுறச் செய்தாலோ, தூக்கமின்மை, உணவு மறுப்பு, திடீர் அலறல் போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, தயங்காமல் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். விளையாட்டு மருத்துவத்துக்கு மாற்றாகாது; மனநல மருத்துவரைச் சந்திக்க நாங்கள் ஏற்பாடு செய்வோம். உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்தி வகுப்பாசிரியரையும் என்னையும் தவிர வேறு எவருக்கும் போகாது.

பல்லாங்குழியும் தாயமும் நன்கு அறிந்த பாட்டிமார்களும் தாத்தாமார்களும் வெள்ளிக்கிழமைகளில் முதல் பாடவேளைக்கு வந்து கற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வர இயலும் பெரியவர்களின் பெயரைப் பிள்ளையின் நாட்குறிப்பேட்டில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்