வீட்டைத் தண்ணீரைப் பார்த்துப் பிடி: பெங்களூருக்கு வரும் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, இரண்டு வாரத்தில் மதுரையிலிருந்து கிளம்பப் போகிறாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் ஆப்பில் படத்தைப் பார்த்துவிட்டு "டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடட்டுமா அக்கா" என்று கேட்டாயே, போடாதே. காலால் மிதிக்காத வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, கேட் பாஸுக்கு மட்டும் பணம் போடுங்கள், வீடு பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தருகிறேன்" என்று க்யூஆர் கோடு அனுப்பி ஏமாற்றுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. படத்தில் இருக்கும் வீடு நிஜம்தான். பேசுகிறவருக்கும் அந்த வீட்டுக்கும்தான் சம்பந்தம் இருக்காது.

முதல் ஒரு மாதம் ஆபீஸுக்குப் பக்கத்தில் பிஜியில் (சாப்பாட்டோடு தங்கும் விடுதியில்) இரு. சேரும்போதே மூன்றைக் கேட்டுக்கொள்: காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு உண்டா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள். மதுரை பஸ் ஓசூர் வழியாகத்தான் வரும். ஊருக்குள் சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வராமல், எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறக்கிவிடச் சொல்.

அந்த ஒரு மாதம் வீடு தேடத்தான். 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ மஞ்சள் பாதை ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடுகிறது. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்காமல் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துவிடலாம். அதனால் ஹொச ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட், பொம்மனஹள்ளி ஸ்டேஷன்களிலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள் தேடு. வரைபடத்தில் "1 கிலோமீட்டர்" என்று காட்டுவதை நம்பாதே. ஆபீஸ் விடுகிற நேரத்தில் நீயே ஸ்டேஷனில் இறங்கி வீடு வரை நடந்து பார். ஓசூர் ரோட்டைக் கடக்க வேண்டுமா, தெருவிளக்கு எரிகிறதா, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற பள்ளமா என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். பஸ் விஷயத்தில் ஒன்று: நம்மூர் விடியல் பயணம் மாதிரி இங்கே பெண்களுக்கு இலவச பஸ்ஸுக்கு சக்தி திட்டம் உண்டு, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். உன் மதுரை ஆதாருக்கு டிக்கெட் வாங்கித்தான் ஆகணும்.

தெருவில் நடக்கும்போது கேட்டில் "மனெ பாடிகெகெ இதெ" என்று போர்டு தொங்கும். வீடு வாடகைக்கு இருக்கிறது என்று அர்த்தம். நம் வாடகைதான் அங்கே பாடிகெ. நம் 'வ' பல சொற்களில் கன்னடத்தில் 'ப' (பஸ் என்பதில் வரும் ஒலி) ஆகும்: விலை பெலெ, வேர் பேரு, வா பா. நம் 'ப' பல இடங்களில் 'ஹ' ஆகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதி கன்னடம் காதில் விழ ஆரம்பித்துவிடும். ஆனால் "இல்லி" என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இங்கே என்று அர்த்தம். "பன்னி" என்று சொன்னால் முகம் சுளிக்காதே, வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். பெரியவர்களிடம் நீனு வேண்டாம், நீவு என்று பேசு. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் போனால் தமிழிலேயே காலம் தள்ளலாம். ஆனாலும் வீட்டு ஓனரிடம் முதல் வார்த்தை "பாடிகெ எஷ்டு?" என்று கன்னடத்தில் வரட்டும். இந்த மண்ணுக்கு நாம் தர வேண்டிய மரியாதை அது.

"லீஸ்" என்று போர்டு இருந்தால் அது நம் ஊர் ஒத்தி. மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. வீடு ஏற்கெனவே பேங்க் கடனில் இருந்தால் உன் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். நீ வாடகையே பார்.

இனி தண்ணீர். இந்த ஊரில் அறை, பால்கனி, டைல்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். காவேரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியிலிருந்து மேடேற்றிப் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு, ஓரத்தில் இருந்த 110 கிராமங்களின் பக்கமும் குழாய் போயிருக்கிறது. குழாய் போவதும் தண்ணீர் வருவதும் ஒன்றல்ல. ஆகவே "காவேரி இருக்கா?" என்று கேட்டு நிறுத்தாதே. வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, சமையலறைக்குத் தனிக் குழாயா, இல்லை போர் தண்ணீரோடு ஒரே சம்ப்பில் கலக்கிறதா என்று கேள். பெரும்பாலான வீடுகளில் கலந்துதான் வரும். அப்புறம், கீழ்வீட்டு அம்மாவிடமோ எதிர்க் கடைக்காரரிடமோ ஒரே ஒரு கேள்வி: "2024 மார்ச்சில் இந்தத் தெருவில் எப்படி இருந்தது?" குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த கோடை அது. அப்போது இந்தக் கட்டடத்துக்கு எத்தனை டேங்கர் வந்தது, அந்தக் காசு யார் தலையில் விழுந்தது என்று தெரிந்தால் போதும். மெயின்டனன்ஸில் டேங்கர் சேர்த்தியா, தனியா என்பதை எழுத்தில் வாங்கு.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு காலி தண்ணீர் பாட்டிலும், குளியல் சோப்பைச் சீவிய இரண்டு சிட்டிகையும் பையில் இருக்கட்டும். சமையலறைக் குழாயைத் திறந்து பாதி பாட்டில் பிடி, சோப்பைப் போட்டு மூடி நன்றாகக் குலுக்கு. மேலே நுரை நின்றால் நல்லது. நுரையே இல்லாமல் பால் மாதிரி கலங்கித் திரிந்தால் அது கடினநீர். ஷாம்பு வேண்டாம், அது கடினநீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பார்: வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால், அதே பொருக்குதான் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் (காயில்) மேலும் உட்கார்ந்திருக்கும். சூடு தண்ணீருக்கு ஏறாமல் காயில் எரிந்து போவது அதனால்தான். கீசர் போனால் ரிப்பேர் யார் செலவு என்று அப்போதே பேசு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் எடுத்துப் போ. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கிறது. 500-ஐத் தாண்டினால் குடிக்க ஃபில்டர் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

அட்வான்ஸ் இங்கே நம்மூரைவிடக் கனம். முன்பெல்லாம் பத்து மாத வாடகை சாதாரணம், இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசலாம். 18,000 வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 1,08,000 ரூபாய். முழுதும் பேங்க் வழியாகவே அனுப்பு. காசு போகும் முன்னால் கரன்ட் பில்லில் யார் பெயர் இருக்கிறது, அக்ரிமென்ட்டில் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார். இரண்டும் வேறாக இருந்தால் சொத்துவரி ரசீது கேள். அக்ரிமென்ட் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது.

சாவி கைக்கு வந்த அன்றைக்கே, சாமான் ஏற்றும் முன்னால், சுவர், கதவு, குழாய், கரன்ட் மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடு. காலி செய்யும்போது வருகிற சண்டைக்கு அந்தத் தேதியிட்ட வீடியோதான் சாட்சி.

கரன்ட் பில் இங்கே மாதாமாதம் வரும். கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் சலுகை உண்டு, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்து. ஆனால் முன்பு குடியிருந்தவரின் ஆதார் அந்த மீட்டரோடு இணைந்திருந்தால் உன்னால் பதிய முடியாது. அதை நீக்கிக் கொடுத்த பிறகுதான் மீதி அட்வான்ஸ் என்று ஓனரிடம் சொல். ஸ்கூட்டரை இப்போது கொண்டுவராதே. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மதுரை ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கர்நாடக வரி கட்டி, நம்பரை மாற்ற வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்னால் அக்ரிமென்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அது ஊர் வழக்கம். ஆறே மாதத்தில் காலி செய்தாலும் முழுசாகப் பிடிப்பார்களா என்ற வரியையும், மீதி அட்வான்ஸ் சாவி கொடுக்கிற அன்றைக்கே வருமா என்ற வரியையும் முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா