பதினைந்து பேரில் எத்தனை பேர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகளின் ஆள்பலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடக்க ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, எது அதிகமோ அதுவே ஆள்பலமுள்ள அணி என்று தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் விசில் ஊதியவன் நான், எனக்கு ஒப்பவில்லை.

ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, பயிற்சியாளர் பங்கு வைக்க வேண்டியது 240 நிமிடம். முழு ஒப்பந்தத்தில் 15 பேர் இருந்தாலும், லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்று வந்துவிட்டால் எட்டு ஒன்பது பேருக்கு மேல் பங்கு போவது அபூர்வம். 2013-14இல் கோப்பை வென்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் லீக் ஆட்டங்களில் ஒருவர்கூடச் சராசரி 30 நிமிடத்தைத் தொடவில்லை. அந்த அணியின் மானு ஜினோபிலி பெஞ்சிலிருந்துதான் இறங்குவார். அவரை மாற்று ஆள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூச்சு வாங்க நேரம் தருகிற ஆள் வேறு, போனவனின் வேலையை ஏற்கிற ஆள் வேறு. நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடிக்க ஊரே வரும். திருப்பத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க எல்லோராலும் ஆகாது.

2025 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் இந்தியானா பேசர்ஸ் பெஞ்ச் 49 புள்ளி, ஓக்லஹோமா சிட்டி தண்டர் பெஞ்ச் 18. பெனடிக்ட் மாத்துரின் மட்டும் 27. கட்டுரையாளர் கணக்குப்படி விஷயம் அத்தோடு முடிந்தது. ஏழாவது ஆட்டத்தை விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். முதல் கால் பகுதியிலேயே பேசர்ஸ் அணிக்குப் பந்தைக் கொண்டுவருகிற முக்கிய ஆட்டக்காரர் ஹாலிபர்டன் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். இடைவேளை வரை பேசர்ஸ் 48-47 என்று தாக்குப்பிடித்தது. மூன்றாம் கால் பகுதியில் மட்டும் 34-20 என்று தண்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது ஆட்டத்தில் 49 எடுத்த அதே பேசர்ஸ் பெஞ்ச்தான்.

என் கதையும் உண்டு. ஒரு மாவட்டப் போட்டி. பன்னிரண்டு பையன்களுக்கும் புதுச் சட்டை. நான்கு நிமிடம் இருக்கையில் பந்தைக் கொண்டுவருகிற பையன் ஐந்தாவது ஃபவுலில் வெளியே வந்தான். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவன் கட்டியிருந்த ஷூ கயிற்றையே அவிழ்த்துக் கட்டினான். ஒருவன் தண்ணீர்ப் பானையைப் பார்த்தான். எல்லோரும் கூடையில் போடத் தெரிந்தவர்கள்தாம். எதிராளி மேலே விழும்போது பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோக ஒருவனுக்கும் நான் பழக்கவில்லை. ஏழு புள்ளி முன்னிலையில் இருந்து தோற்றோம்.

அடுத்த கட்டுரையில் அணிக்கொரு கட்டம் போடச் சொல்லுங்கள்: முக்கிய ஆட்டக்காரர் உட்கார்ந்திருந்த நிமிடங்களில் முன்னிலை ஏறியதா, இறங்கியதா? அப்போது பந்து யார் கையில் இருந்தது? பெஞ்ச் புள்ளியை ஓரமாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.